60 டிகிரியில் கொழகொழன்னு ஆகிற பீக் சவ்வு: சிலிக்கா சேர்த்தால் சரியாகுமா?

ஈரச்சவ்வு:
எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட். மெத்தனால்ல இருந்து கரன்ட் எடுக்கிற ஃபியூயல் செல்லுக்கு நடுவுல புரோட்டானைக் கடத்தற சவ்வு வேணும். வழக்கமா போடற நாஃபியான் 117 சவ்வுக்குப் பதிலா, பீக் (PEEK) பாலிமரை சல்ஃபோனேட் பண்ணி, அதாவது அதுல சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளை ஏத்தி, சவ்வு போடறேன். அடர் கந்தக அமிலத்துல 50 டிகிரியில ராத்திரி முழுக்கக் கலக்க விட்டேன். சாதாரணத் தண்ணியில சவ்வு நல்லாத்தான் இருக்கு. 2 மோலார் மெத்தனால்ல 60 டிகிரிக்குக் கொண்டுபோனா கஞ்சிப் பதத்துக்கு வந்துடுது, இடுக்கியில தூக்கினா பிஞ்சுடுது. சிலிக்கா சேர்க்கச் சொல்றார் கைடு. போதுமா?

பழைய லேப் அக்கா:
தம்பி, சிலிக்கா அப்புறம். முதல்ல அந்த ராத்திரியைப் பாருங்க. சல்ஃபோனிக் தொகுதி ஏற ஏற புரோட்டான் நல்லா ஓடும், ஆனா பாலிமரே கரையற குணத்துக்கு வந்துடும். உங்க பாலிமர்ல தொகுதி ஏறின அளவு 80 சதவீதம் தாண்டியிருக்கும்னு என் ஊகம். நான் 60 சதவீதம் பக்கத்துல நிறுத்திடுவேன். மணிக்கொரு தடவை கொஞ்சம் எடுத்து ஐஸ் தண்ணியில விட்டு, கழுவி, டைட்ரேட் பண்ணி (காரம் விட்டு அமில அளவைக் கணக்கிட்டு) பாருங்க.

கழுவறதுலதான் எல்லாரும் ஏமாறுவோம். ஐஸ் தண்ணியில சேமியா மாதிரி விழுதே, அதோட நடுவுல அமிலம் ஒளிஞ்சிருக்கும். சாயங்காலம் நடுநிலைன்னு காட்டும், காலையில அதே தண்ணி லிட்மஸைச் சிவப்பாக்கும். அதை விட்டா டைட்ரேஷன் கணக்கும் பொய். நான் ஒரு மாசம் அப்படிப் பொய்க் கணக்கு எழுதினவ.

சவ்வு போட பாலிமரை டிஎம்எஃப் கரைப்பான்ல கரைச்சு ஊத்தறீங்களா? சூட்டுல அது சிதைஞ்சு வர அமீன் சல்ஃபோனிக் தொகுதியைப் பிடிச்சுக்கும், கடத்துதிறன் படுத்துடும். அதுக்குப் பதிலா டிஎம்எஸ்ஓ கரைப்பானை எடுங்க.

சிலிக்கா வீக்கத்தைக் குறைக்கும். ஆனா அது புரோட்டானைப் பெருசா கடத்தாது. மெத்தனால் கசிவும் கடத்துதிறனும் சேர்ந்தே இறங்கினா என்ன லாபம்? ரெண்டோட விகிதத்தை நாஃபியானோட ஒப்பிடுங்க. அதிகமாப் போட்டா அடியில படியும், ஃபிலிமைத் திருப்பினா ஒரு பக்கம் வெள்ளையாத் தெரியும்.

செல்_டெஸ்ட்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. ரெண்டு அறைக் கண்ணாடி செல்லுல மெத்தனால் கசிவை அளந்தா தெரியறது வெறும் பரவல் மட்டும். நிஜ செல்லுல கரன்ட் எடுக்கும்போது புரோட்டான் தன்கூடத் தண்ணியையும் மெத்தனாலையும் இழுத்துக்கிட்டுப் போகும். அப்படி சவ்வைத் தாண்டி எதிர்ப்பக்க எலக்ட்ரோடான கேத்தோடுக்குப் போன மெத்தனால் அங்க பிளாட்டினத்துலயே எரிஞ்சு வோல்டேஜை இறக்கிடும். கணக்குப்படி 1.2 வோல்ட், நாஃபியான் போட்டாலே லோடு இல்லாம 0.7 பக்கம்தான் நிக்கும். இன்னொரு தலைவலி: எலக்ட்ரோடுல இருக்கிறது நாஃபியான் பசை. உங்க சவ்வு வேற அளவுல வீங்கினா ரெண்டும் உரிஞ்சுக்கும்.

ஈரச்சவ்வு:
அக்கா, டைட்ரேஷன்ல 84 வந்துச்சு. அதுவே பொய்யான்னு சந்தேகம் வந்து, நேத்து கழுவி வச்ச பீக்கர்ல லிட்மஸை விட்டுப் பார்த்தேன். சிவக்குது. கழுவப் போறேன்.