வணிக வளாகத்தின் உள்கடையில் 12 ஆண்டுகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இராமநாதபுரத்திலிருந்து

பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு வணிக வளாகத்தில், தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத உள்வரிசையில், 12 ஆண்டுகள் தையல் கடை வைத்திருந்தேன். தொண்ணூறுகளில் அது திறக்கப்பட்டபோது ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நான்கு பக்கமும் சுவர், மேலே கூரை, நடுவில் நடைபாதை, இருபுறமும் ஷட்டர் போட்ட கடைகள். வெயிலும் மழையும் உள்ளே வராது என்பதே அன்றைக்குப் பெரிய விளம்பரம். முன்கடைக்குக் கேட்ட அட்வான்ஸில் பாதிதான் உள்கடைக்கு என்றதால் நானும் துணிந்து உள்ளே போனேன். வெயில் வராத இடத்துக்கு வெளிச்சமும் வராது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜாக்கெட் துணிக்கு நூல் பொருத்துவது பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை. டியூப் லைட்டின் கீழ் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே இரண்டு மூன்று நூல்கண்டுகளை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு வாசற்படி வரை நடந்து, துணியின் மேல் ஓர் இழையைப் பிரித்து வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போவேன். ஒரு நாளைக்கு இருபது முறையாவது இந்த நடை உண்டு. வாசலில் வளையல் கடை வைத்திருந்தவர், "இன்றைக்கும் சூரிய தரிசனமா?" என்று கேட்பார். அவர் கடையில் எப்போதும் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டம் அவரைத் தாண்டி உள்ளே வராது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் வரும். முந்தானையைப் பிழிந்துவிட்டு, பேருந்து வந்ததும் போய்விடும். மூன்றாம் ஆண்டிலேயே என் வரிசையில் பாதிக் கடைகள் முன்கடைக்காரர்களின் சரக்கு அறைகளாகிவிட்டன. உள்கடைகளுக்கு ஏன் இந்தக் கதி? கடை வைத்தவர்களும் வாங்கப் போனவர்களும் எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து

அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு துபாய் நினைவு வந்தது. எங்கள் ஊரில் பலரையும்போல நானும் வளைகுடாவுக்குப் போனவன். துபாயின் தேரா பகுதியில் 1981-இல் திறக்கப்பட்ட அல் குரைர் சென்டர் என்ற வணிக வளாகத்துக்குள் ஒரு துணிக்கடையில் விற்பனையாளனாக இருந்தேன். ஆடி மாத வாக்கில் வெளியே 45 டிகிரி கொளுத்தும்போது, எதையும் வாங்கும் எண்ணமின்றிக் குளிர்ச்சிக்காகவே குடும்பம் குடும்பமாக வருவார்கள். வந்தவர்கள் கைவீசிக்கொண்டு திரும்பியது குறைவு.

இந்த வகைக் கட்டடத்துக்கு முன்னோடி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எடைனா என்ற சிறு நகரில் 1956 அக்டோபர் 8-ஆம் நாள் திறக்கப்பட்ட சவுத்டேல் சென்டர். வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன் அதை வடிவமைத்தார். அங்கே பனிக்காலம் கடுமை என்பதால் 72 கடைகளையும் ஒரே கூரைக்குள், ஒரே சீரான தட்பவெப்பத்தில் வைத்தார்கள். ஆனால் சூட்சுமம் அதில் மட்டும் இல்லை. டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்று ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு பெருங்கடைகளை அதற்குள் கொண்டுவந்தார்கள். ஒன்றில் விலை கேட்டவர் மற்றதற்குப் போக வேண்டுமானால் நடுவிலுள்ள சிறு கடைகளைக் கடந்துதான் போக வேண்டும். கடைகள் உள்நோக்கியே இருந்ததால் முன்கடை, உள்கடை என்ற பேதமும் எழவில்லை. நம் ஊர்களில் கட்டியவர்கள் கூரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது என் எண்ணம். அண்ணன் இருந்த வளாகத்தின் கோடியில் என்ன இருந்தது?

இராமநாதபுரத்திலிருந்து

காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தானே அழைப்பீர்கள்), கோடியில் இருந்தது கழிப்பறை. அதையும் பூட்டியே வைத்திருந்தார்கள்.

இராமேஸ்வரத்திலிருந்து

கூரைக்கடியில் நடப்பது எங்களுக்குப் புதிதல்ல. 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தில் யாத்திரிகர்கள் சலிக்காமல் நடக்கிறார்கள். 22 தீர்த்தங்களும் சுவாமி சந்நிதியும் அவர்களை நடக்க வைக்கின்றன. அவர்கள் வந்து போகும் வழியில் சங்கு, பாசிமணி விற்றே எங்கள் குடும்பம் பிழைக்கிறது.

அந்த வளாகத்துக்கும் நான் வந்திருக்கிறேன். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்படும் வரை தீவிலிருந்து இராமநாதபுரம் போக இரயிலே கதி. பாலம் வந்தபின் தீபாவளித் துணிக்குப் பேருந்தில் புறப்பட்டோம். ஆனால் வாங்குகிற நேரமெல்லாம் ஒரு கண் திரும்பும் பேருந்தின் மேலேயே இருக்கும். உள்ளே போனால் பேருந்து தெரியாது. கையில் இரண்டு பிள்ளைகளோடு எவர் உள்ளே போவார்?

மண்டபத்திலிருந்து

உள்கடைக்கு எல்லாரும் இரங்கல் வாசிப்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவோரத் தையல் கடையில் அளவு கொடுக்க நின்றால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களெல்லாம் பார்ப்பார்கள். நானும் என் அக்காவும் கல்லூரிக்குப் போன நாட்களில் உள்கடையைத் தேடித்தான் போவோம். உங்களுக்குக் குறையாகப் பட்டதுதான் எங்களுக்கு வசதி.

இராமநாதபுரத்திலிருந்து

உண்மைதான் தங்கச்சி, 12 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது உங்களைப் போன்றவர்களால்தான். பிறகு அரண்மனைப் பக்கம் தெருவோரத்திலேயே ஒரு கடை பிடித்தேன். நீங்கள் சொன்ன காரணத்துக்காகவே அளவெடுக்கும் இடத்துக்கு ஒரு திரையும் போட்டேன். முதல் வாரத்தில் பழக்க தோஷத்தால் நூல்கண்டுகளோடு எழுந்து, தலையைக் குனிந்தபடி அதே கணக்கில் நடந்து, நட்டநடுச் சாலையில் போய் நின்றேன். ஓர் ஆட்டோக்காரர் நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். நூல் மட்டும் சரியாகப் பொருந்தியிருந்தது.