கலைச்சொல்: அந்தியில் கிழக்கே எழும் இளஞ்சிவப்புப் பட்டைக்கு "எதிரந்தி"

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கடற்கரையில் அந்திப் படம் எடுப்பது பற்றித் தமிழில் குறிப்பு எழுதிவரும் நண்பர் போன வாரம் ஒரு சொல் கேட்டிருந்தார். கதிரவன் மேற்கே மறைந்ததும் நேர் எதிரே, கிழக்கு வானின் அடியில் சாம்பல் நீலமும் அதன்மேல் இளஞ்சிவப்புமாக இரண்டு பட்டைகள் எழும். அந்த இளஞ்சிவப்புப் பட்டைக்கு ஆங்கிலத்தில் 'பெல்ட் ஆஃப் வீனஸ்' என்று பெயர். தமிழில் என்ன சொல்வது? இதுவரை வெள்ளிக்கச்சை (ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு), எதிர்ச்செவ்வானம், கீழ்வான்சிவப்பு என்று மூன்று வந்திருக்கின்றன. நான் நாலாவதாக "எதிரந்தி" என்பதை முன்வைக்கிறேன்.

அதற்கு முன், இந்தச் சொல் காவிரிப் படுகைக்காரர்களான நமக்கு மற்ற யாரையும்விட அதிகம் தேவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்திப் படக் குறிப்புகள் பெரும்பாலும் சூரியன் கடலில் விழுகிற ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கோவாவுக்கும் கோழிக்கோட்டுக்கும் அது சரி. பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் கிழக்கு பார்த்த கரை. நமக்குச் சூரியன் கடலில் எழும், வயலில் விழும். விடுமுறைக்கு வருகிறவர்கள் மாலையில் மணலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இங்க சன்செட் தெரியாதாமே" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் முதுகைத் திருப்பிய பிறகுதான் கடலின் மேல் அது ஆரம்பிக்கிறது. பெயர் இருந்திருந்தால் "எதிரந்தி பார்த்துட்டுப் போகலாம்" என்று யாராவது ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார்.

தை மாதம் ஒரு மாலை தரங்கம்பாடியில் நின்றேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. முதல் ஓரிரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கடலும் வானும் தொடும் இடத்தில், ஈரத் துணியை இழுத்த மாதிரி ஒரு நீலக் கறை. அது மெல்ல உயர உயர, அதன் விளிம்பில் ரோஜா நிறம் ஏறியது. கரையேற்றியிருந்த பைபர் படகின் வெள்ளைப் பக்கத்திலும், அலை வடிந்த ஈரமணலிலும் அதே நிறம். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கருக்கல் ஏறுது தம்பி, இனிமே சுருக்கா இருட்டிடும்" என்றார். நான் மழை மேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது மேகமே இல்லை. பூமியின் நிழல். கிரகணத்தன்று நிலாவை மறைக்கிற அதே நிழல்தான் ஒவ்வொரு மாலையும் நம் கடலிலிருந்து எழுகிறது.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

வெள்ளிக்கச்சை அழகான சொல்தான், ஆனால் பொருள் தவறிவிடுகிறது. வெள்ளிக் கோள் சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகித் தெரியாது. இந்தப் பட்டையோ சூரியனுக்கு 180 பாகை எதிரே இருக்கிறது. ஆகவே வெள்ளி ஒருநாளும் இதற்குள் தெரியப்போவதில்லை. ஆங்கிலப் பெயரில் இருக்கும் அந்தக் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? தவிர, படம் எடுக்கிறவர் வெள்ளிக்கச்சை என்று படித்தால் வெள்ளி நிறத்தைத்தான் தேடுவார்.

கீழ்வான்சிவப்பு விடியலுக்குப் போய்விடும். கீழ்வானம் சிவந்தது என்றால் நமக்குப் பொழுது புலர்ந்தது என்றே பொருள். எதிர்ச்செவ்வானம் கிட்டத்தட்ட சரி. இதைச் சொன்ன கும்பகோணம் அம்மாவுக்குத்தான் "எதிர்" என்ற பாதிக்கான நன்றி. ஆனால் செவ்வானம் என்றால் பற்றி எரிகிற சிவப்பு. இது வெங்காயத் தோலின் உள்பக்கம்போல வெளிறிய சிவப்பு.

எதிரொலியை எண்ணிப் பாருங்கள். ஒலி போய் மோதித் திரும்பி வருகிறது. இங்கேயும் அதுதான் நடக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி காற்றுக்குள் நெடுந்தூரம் வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. அந்தச் சிவப்பு நம் தலைக்கு மேலே கடந்துபோய், கிழக்கே உள்ள காற்றிலும் தூசியிலும் பட்டு நம்மிடம் திரும்புகிறது. ஆக, எதிர்த்திசை, திரும்பி வருதல் என்ற இரண்டு பொருளையும் "எதிர்" ஒன்றே தாங்குகிறது.

"அந்தி மாலைக்கு மட்டும்தானே, விடியலில் மேற்கே இதே பட்டை தெரியுமே" என்று திருவாரூர் நண்பர் கேட்பார் என்று தெரியும். சோழன் கிள்ளிவளவனைப் பாடிய 34-ஆம் புறநானூற்றுப் பாட்டில் "காலை அந்தியும் மாலை அந்தியும்" என்று வருகிறது. அந்தி இரண்டு பொழுதுக்கும் உரியதுதான். காலையில் வயல் பக்கம் திரும்பி, தென்னை வரிசைக்கு மேலே எதிரந்தி இறங்குவதைப் பார்க்கலாம். தொல்காப்பியம் நெய்தலுக்குத் தந்த "எற்பாடு" இருக்கிறதே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது சூரியன் சாயும் பொழுதின் பெயர், இது அந்தப் பொழுதில் தெரியும் காட்சி. இரண்டையும் கலக்க வேண்டாம்.

குறிப்பு எழுதும் நண்பருக்காக, இந்தச் சொல்லைப் போட்டுச் சில வரிகள் எழுதிப் பார்த்தேன். பயன்படுத்திப் பார்த்தால்தானே சொல் நிற்குமா என்று தெரியும்:

"எதிரந்தி எடுக்க, சூரியன் மறைந்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். நம் பக்கம் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக, நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் இறங்குகிறது. அதனால் இருட்டு சீக்கிரம் வரும். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விட்டால் அது இளஞ்சிவப்பைப் பிழை என்று எண்ணிக் கழுவிவிடும். அதை 'பகல்வெளிச்சம்' என்ற அமைப்பில் வையுங்கள். போனில் பட்டையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். தொடுவானம் சாயாமல் இருக்கட்டும், இந்தப் படத்தில் கோடுகள்தான் எல்லாம். பௌர்ணமியிலோ அதற்கு முந்தின நாளோ போனால், எதிரந்தியிலோ அதை ஒட்டியோ நிலா நிற்கும்."

படித்துப் பார்த்தபோது எனக்கு எங்கும் இடறவில்லை. சித்திரா பௌர்ணமிக்குப் பூம்புகாரில் அவ்வளவு கூட்டம் கூடுகிறது. அன்று எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.

அடியில் இருக்கும் நீலப் பட்டைக்குப் "புவிநிழல்" என்று எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டோம். அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தப் பெரியவர் சொன்ன "கருக்கல்" பொதுவாக மங்கலான நேரத்தைக் குறிக்கும். ஆனால் அவர் "ஏறுது" என்றார். நேரம் ஏறாது, நிழல்தான் ஏறும். கடலோரக் குடும்பங்களில் இந்தப் பட்டைகளுக்குத் தனிப் பெயரே இருக்கக்கூடும். நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மாலையில் கரையில் வைத்தே, கையால் காட்டிக் கேட்டு எழுதுங்கள். அப்படி ஒரு சொல் கிடைத்தால் எதிரந்தியை அன்றே விலக்கிக்கொள்கிறேன்.