லெபனான் தேர்தல் கணக்கு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசகர் வட்டத்தில் லெபனான் அரசியல் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அடிப்படை ஓரளவு பிடிபட்டுவிட்டது: அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. நாடாளுமன்றத்தின் 128 இடங்கள் கிறிஸ்தவர்களுக்குப் பாதி, முஸ்லிம்களுக்குப் பாதி. துரூஸ் சமூகமும் முஸ்லிம் கணக்கில்தான். கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததோ 1932இல்! எண்ணினால் பங்கு மாறிவிடும் என்ற பயம், வேறென்ன.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில். பெய்ரூட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் வாக்கு பூர்வீக ஊரில்தான். திருமணமானால் பெண்ணின் பதிவு கணவரின் ஊருக்குப் போய்விடுகிறது. இதுவரை சரி. ஆனால் 2017 சட்டம் கொண்டுவந்த விகிதாசார முறையில் (வாங்கிய வாக்கின் அளவுக்கு இடம்), வேட்பாளர் பட்டியலுக்கு விழும் வாக்கும் அந்தப் பட்டியலில் ஒரு வேட்பாளருக்கான விருப்ப வாக்கும் சேர்ந்து மதவாரி இடங்களை எப்படி நிரப்புகின்றன? குறைந்த வாக்கு வாங்கியவர் ஜெயித்து, அதிகம் வாங்கியவர் தோற்பது எப்படி? படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது.

அங்கே வேலை பார்த்தவர்களோ, மேற்காசிய அரசியல் படித்தவர்களோ ஒரு தொகுதியை வைத்து விளக்க முடியுமா? பல சமூகங்கள் கலந்து வாழும் சூஃப்–ஆலே என்றால் ரொம்ப நல்லது. எளிய ஆங்கிலக் கட்டுரை இருந்தாலும் சொல்லுங்கள். ஹெஸ்புல்லா சரியா தவறா என்ற சண்டையை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், ப்ளீஸ். எனக்குக் கணக்குதான் வேண்டும்.