200 டாலர் கட்டானா: வீட்டுப் பின்பக்கம் வெட்டிப் பழகியவர்கள் சொல்வது

டாலஸ்காரன்:

"வெட்டிப் பழக ஒரு கட்டானா வேணும், 200, 250 டாலருக்குள்ள எது நல்லது?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டானா என்றால் ஜப்பானிய வளைவு வாள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. என் அனுபவத்தை இங்கே போடுகிறேன், நீங்களும் உங்களுடையதைச் சேருங்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்க வாங்குபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டிலும் ஈரப் பாயும் வெட்டப்போகிறவர்களுக்குத்தான் இது.

என்னிடம் இருப்பது 1060 கார்பன் ஸ்டீல். கடைசி இரண்டு இலக்கம்தான் கார்பன் அளவு: 1045 என்றால் 0.45 சதவீதம், 1060 என்றால் 0.60, 1095 என்றால் 0.95. கார்பன் கூடினால் கூர் நின்று பிடிக்கும், ஆனால் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் போடுவதில் கோட்டை விட்டால் பொசுக்கென்று சில்லு தெறிக்கும். ஆரம்பக்காரருக்கு 1060 போதும். சிலிக்கான் சேர்த்த 9260 ஸ்பிரிங் ஸ்டீல் கிடைத்தால் அதுவும் நல்லது. தப்பாக வெட்டினாலும் வளைந்துவிட்டுத் திரும்பி வரும். நாம் தப்பாகத்தான் வெட்டப்போகிறோம்.

இந்த விலைக்கு வரும் வாள்களில் பெரும்பாலானவை சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள லொங்சுவான் ஊரிலிருந்து வருபவை. சீனத் தயாரிப்பு என்று முகம் சுளிக்க வேண்டாம். வாள் செய்வதில் அந்த ஊருக்கு ரொம்பப் பழைய பெயர் உண்டு. முகம் சுளிக்க வேண்டியது விளம்பர வாசகங்களைப் பார்த்து. "ஆயிரம் மடிப்பு டமாஸ்கஸ் எஃகு, 150 டாலர்" என்று போட்டிருப்பான். ஜப்பானியக் கொல்லர்கள் மடித்து அடித்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் கையில் இருந்த தமஹகானே என்ற பழைய முறை எஃகில் கார்பன் ஒரே சீராக இருக்காது, கசடும் இருக்கும். இன்றைய ஆலை எஃகுக்கு அந்த வேலையே தேவையில்லை. 150 டாலரில் மடித்தால் உள்ளே ஒட்டாத இடம் ஒன்றிரண்டு இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பதம் போட்டதில் அலகின் மேல் தெரிய வேண்டிய ஹமோன் என்கிற அலைக்கோடும் அப்படித்தான். மலிவு வாள் பலவற்றில் அது ஆசிட்டாலோ கம்பி பிரஷ்ஷாலோ வரைந்த கோடு.

நான் முதலில் பார்ப்பது கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது என்பதை. வாள் வந்த அன்றே கழற்றிவிடுவேன். பிடியில் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இருக்கும், மெகுகி என்பார்கள். சில வாளில் இரண்டு. சின்னச் சுத்தியலும் பித்தளைக் குச்சியும் வைத்துத் தட்டினால் வெளியே வரும். பிறகு வாளை இடது கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் ஒரு குத்து. அலகு பிடிக்குள்ளிருந்து மெதுவாக மேலே எழும்பும். உள்ளே இருக்கும் வால் பகுதி அலகோடு ஒரே எஃகாக, பிடியின் நீளத்தில் முக்கால் பங்குக்காவது போக வேண்டும். வெல்டிங் தடம் தெரிந்தால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். எனக்கு வந்ததில் வால் நன்றாக இருந்தது. ஆனால் மரப்பிடியின் துளை கொஞ்சம் அகலம், ஆணி ஆடியது. புது ஆணி சீவிப் போட்டேன். இந்த விலையில் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

முதலில் வெட்டியது தண்ணீர் பாட்டில். அரை லிட்டர் மெல்லிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இடுப்பளவு மரக்கட்டை மேல் நிறுத்தி, 45 டிகிரியில் இறக்குவது. ஹசுஜி, அதாவது வாளின் கூர் போகும் திசையும் வீச்சின் திசையும் ஒன்றாக இருந்தால், மேல் பாதி வழுக்கி விழும், கீழ்ப் பாதி அசையாமல் நிற்கும். அதற்குள் தண்ணீர் ஒருமுறை தளும்பி, வெட்டின் தாழ்ந்த பக்கமாக வழியும். திசை கொஞ்சம் விலகினால் பாட்டில் நசுங்கி வேலி வரைக்கும் பறக்கும். குருவே பக்கத்தில் இல்லாவிட்டாலும் பாட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

அலகில் நீளவாக்கில் பள்ளம், போ-ஹி, இல்லாத வாளாகப் பார்த்து வாங்குங்கள். பள்ளம் இருந்தால் வீசும்போது விசில் சத்தம் நன்றாக வரும், கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அலகு இலகு, தப்பு வெட்டில் சீக்கிரம் வளையும்.

ஜெர்சி நெல்லை:

அண்ணாச்சி, வால் பகுதியப் பத்தி சொன்னீங்களே, அதுல நான் கண்ணால பாத்தத சொல்லுதேன். கூட வேலை பாக்குத ஒருத்தன் சந்தையில ஒரு வாள் வாங்கிட்டு வந்தான். நாப்பது டாலரோ என்னமோ. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலு, மூஞ்சி பாக்கலாம், அம்புட்டு பளபளப்பு. அவன் வீட்டுப் பின்னாடி நாலஞ்சு பேரு நிக்கோம், கிரில்லுல கோழி வேகுது. தர்பூசணிய ஒரு ஸ்டூல்ல வச்சு, "பாருங்கடே"ன்னு ஓங்கிட்டான். பழத்துல பட்டதான்னே தெரியல. கையில பிடி மட்டும் நிக்குது. அலகு கிரில்லுக்கு அந்தப்பக்கம் புல்லுல குத்திக்கிட்டு ஆடுது. ஒரு வினாடி யாரும் பேசல. பெறவுதான் பிள்ளைங்க எங்கன்னு ஆளாளுக்குத் தேட ஆரம்பிச்சோம். நல்லவேளை எல்லாம் வீட்டுக்குள்ள டிவி பாத்துக்கிட்டு இருந்துச்சு.

பிடிய உடைச்சுப் பாத்தா, உள்ள பென்சில் தடிமனுக்கு ஒரு மரையாணிக் கம்பி. அதை அலகோட அடியில வெல்டிங் போட்டுப் பத்த வச்சிருக்கான். பத்த வச்ச எடத்துலயே முறிஞ்சிருக்கு. அந்த நீளத்துக்கு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலே லாயக்கில்ல, அடி வாங்குனா முறியும். அதுல இந்தக் கம்பி வேற. சமையல் கத்திக்கு நல்ல எஃகுன்னா வாளுக்கும் நல்லதுன்னு நெனச்சுப்புடாதீங்க.

அதுல இருந்து நான் போற எடத்துல எவன் வாளு எடுத்தாலும் கேக்குத மொதக் கேள்வி, ஆணி பாத்தியாடே? மூஞ்சியச் சுளிப்பானுவ. சுளிக்கட்டும்.

ஸ்காபரோ பெடியன்:

அண்ணை, நல்ல விசயம் துவங்கியிருக்கிறியள். நான் இஞ்ச டோஜோ ஒண்டில, வாள் பழக்கிற கூடத்தில, பழகிறன். என்ர வாள் 9260. பாட்டில் எல்லாம் துவக்கத்துக்குச் சரி, ஆனா பாய் வெட்டினாத்தான் வெட்டு எண்டால் என்னெண்டு விளங்கும்.

தத்தாமி ஒமொத்தே எண்டுறது ஜப்பான்காரர் தரையில போடுற தத்தாமியின்ர மேல்பாய். இகுசா எண்ட புல்லில நெய்யிறது, எங்கட கோரைப்பாய் மாதிரித்தான், ஆனா நெருக்கமா இருக்கும். அங்க இகுசா கூட விளையிறது குமமொத்தோ பக்கம் யட்சுஷிரோவில. பாயை இறுக்கிச் சுருட்டி, ரப்பர் பாண்ட் போட்டு, ஒரு இரவு முழுக்கத் தண்ணியில அமிழ்த்தி வைக்கவேணும். பிறகு நிமித்தி வைச்சுத் தண்ணி வடிய விடவேணும். காய்ஞ்சிருந்தா வாள் இறுகி நிண்டுடும். எங்கட வீட்டில குளிக்கிற தொட்டியிலதான் ஊறப்போடுறது. தண்ணி பச்சை மஞ்சளா மாறி, வீடு முழுக்கப் புல்லு மணம். மனிசி ஒரு நாளும் பேசாமல் விட்டதில்லை. இப்ப கராஜுக்குள்ள ஒரு பெரிய குப்பைத்தொட்டி வாங்கி வைச்சிருக்கிறன். இரண்டு சுருள் அதுக்க நிக்கும்.

பழைய பாய் சும்மா கிடைக்குதெண்டு வாங்கிறவை கவனம். ஆக்கள் நடந்த பாயில மண் துகள் ஏறியிருக்கும். அலகில நீட்டுக் கீறல் விழும், பாக்கவே மனசு வராது. பாய் கிடைக்காட்டி பேப்பரைச் சுருட்டி ஊறவைச்சு வெட்டலாம், ஆனா கூர் கெதியா மழுங்கும்.

எங்கட வகுப்பில ஒருத்தர் களிமண் பூசிப் பதம் போட்ட வாளோட வந்தவர். வடிவான வாள். அப்பிடிச் செய்தா கூர்ப்பக்கம் மட்டும் இறுகும், முதுகு இறுகாமல் மெதுவா இருக்கும். கெசாகிரி, தோளில இருந்து இடுப்புக்கு வாற சாய்வு வெட்டு, அதில முடிவில கையை உள்ளுக்கு இழுத்திட்டார். வாள் பாய்க்குள்ள அரைவாசியில நிண்டிட்டுது. வெளியில எடுத்து நீளவாக்கில கண் வைச்சுப் பாத்தா நுனி ஒரு பக்கம் திரும்பியிருக்கு. மெதுவான முதுகு வளைஞ்சா வளைஞ்சதுதான், தானாத் திரும்பாது. அதே பிழையை என்ர 9260-ஓட நானும் மற்றாக்களும் எத்தினை தரம் விட்டிருப்பம், அது நேராத்தான் நிக்குது. வடிவான ஹமோன் வேணுமெண்டா பிறகு வாங்கலாம், அண்ணை சொன்னது சரி.

ஆசிரியர் ஒருத்தர் கட்டாயம். எங்கட பாடத்தில ஜப்பான் வாள் ஆசிரியர் நகமுரா தைசபுரோ (1912–2003) வகுத்த எட்டுத் திசை வெட்டுகள் வருது. அந்த ஆள் ஜப்பான் ராணுவத்தில பழக்கின தொயாமா வாள் முறையில இருந்து வந்தவர். தட்டையாப் பக்கவாட்டில வெட்டிற வெட்டை எனக்குக் கனகாலம் தொடவே விடேல்லை. ஏனெண்டா அதில வாள் நிக்காமல் சுத்திவந்து சொந்தக் காலையோ பக்கத்தில நிக்கிறவரையோ தேடும்.

தோக்கியோ தமிழன்:

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பேசும் இந்த வாள் எதையும் நான் இங்கே ஜப்பானில் வைத்திருக்க முடியாது. 1958-இன் துப்பாக்கி, வாள் சட்டப்படி பதிவுச் சீட்டு உள்ள வாள் மட்டும்தான். உரிமம் பெற்ற கொல்லர் மரபு முறையில் செய்ததாகவோ, பழைய கலைப்பொருளாகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலை கட்டானாவுக்குப் பதிவே கிடைக்காது. அந்தக் கொல்லரும் நீள வாள் மாதம் இரண்டுக்கு மேல் செய்யக்கூடாது. பிறகு விலை எப்படி இறங்கும்? என் வகுப்பில் பாதிப் பேர் வைத்திருப்பது இயாய்தோ என்ற பயிற்சி வாள். துத்தநாக, அலுமினியக் கலவை, கூர் ஏற்றவே முடியாது. வெட்டும் நாளில் ஆசிரியரின் நிஜ வாளை வரிசையில் நின்று வாங்கி ஆளுக்கு ஓரிரு வெட்டு. உங்கள் ஊரில் 250 டாலருக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெட்டுகிறீர்கள். பொறாமைதான்.

கிழக்கு லண்டன்:

இங்கே 2008 ஏப்ரலிலிருந்து 50 செ.மீ.யோ அதற்கு மேலோ நீளமுள்ள வளைந்த அலகு வாளை விற்கத் தடை. மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வாங்கும்போது அதைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பின்பக்கத் தோட்டம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருப்பது ஒரு கட்டில் அகலம். வெட்டெல்லாம் வகுப்பில்தான்.

கோவை வாசகன்:

இங்க வரவழைக்கலாமுங்களா அண்ணா? ஒரு தளத்துல இந்தியாவுக்கு அனுப்புறோம்னு போட்டிருக்குதுங்க.

டாலஸ்காரன்:

கோவைத் தம்பி, வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள்கள் இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. அனுப்புகிறேன் என்று அவன் போட்டிருப்பதால் உனக்கு அனுமதி கிடைத்துவிடாது. மரவாள் வாங்கி வீச்சைப் பழகு. எங்களில் பலர் வாள் வாங்கிய பிறகு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இங்கே டெக்சாஸில் வீட்டுக்குள் தடையில்லை. வெளியே கொண்டுபோவதற்கே 2017 செப்டம்பரில் சட்டம் தளர்ந்தது, சில இடங்கள் மட்டும் விலக்கு. ஆனாலும் நான் வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒரு ஆள் வாளோடு நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் போலீசைக் கூப்பிடுவதில் தப்பே இல்லை.

இன்னும் இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டது, 300 டாலர் இருந்தால் முழுவதையும் வாளில் போடலாமா என்று. போடாதீர்கள். 200, 220-க்கு அலங்காரம் இல்லாத வாள். மிச்சத்தில் பாயை நிறுத்தி வெட்ட ஒரு கனமான அடிக்கட்டை உள்ள ஸ்டாண்டு. அது ஆடினால் எந்த வெட்டும் சரியாக வராது. பாயைச் செருக மேலே நட்ட மரமுளை மென்மையான பைன் மரமாக இருக்கட்டும், தப்பி அதில் பட்டாலும் கூர் பிழைக்கும். நட்டுவைத்த இரும்புக் கம்பியில் பாயைச் செருகுகிறவர்களை வீடியோக்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதே பல் கூசுகிறது. காய்ந்த மூங்கிலையும் தொடாதீர்கள். பச்சை மூங்கிலே பழகியவர்களுக்குத்தான்.

எண்ணெய்க்குக் கிராம்பு வாசனை போட்ட சோஜி எண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள். பெரும்பாகம் மினரல் ஆயில்தான். தையல் மெஷின் எண்ணெயும் அந்த வேலையைச் செய்யும். வெட்டி முடித்ததும் துணியால் துடைத்து, ஈரம் போன பிறகு மெல்லிசாகப் பூசி உறையில் போட வேண்டும். டாலஸ் வெயிலில் மத்தியானம் அப்படியே வைத்த வாளில் சாயங்காலத்துக்குள் பழுப்புப் புள்ளி வந்துவிடுகிறது. புல்லின் சாறு அதற்குத் துணை.

ஆணி விஷயத்தில் ஜெர்சி அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெட்டத் தொடங்கும் முன் மட்டும் பார்த்தால் போதாது, நடுவிலும் பாருங்கள். வாளை நிமிர்த்திப் பிடித்து முஷ்டியால் பிடியின் அடியில் தட்டி, கைக்காப்புத் தகடு சலசலக்கிறதா என்று கேளுங்கள். சலசலத்தால் அன்றைக்கு அதோடு சரி. ஆணிக்கு நன்றாக முற்றிய மூங்கில்தான் வேண்டும், நார் நெருக்கமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக் குச்சியைச் சீவிப் போடலாம் என்பார்கள். அது மூங்கில் குச்சியாக இருந்தால் அவசரத்துக்குச் சரி. கடையில் உடைத்துத் தரும் மரக்குச்சி என்றால் கூடவே கூடாது.

ஸ்காபரோ தம்பி, அந்தப் பாய் எங்கே வாங்குகிறாய், ஒரு பெட்டியில் எத்தனை சுருள் வருகிறது என்று எழுது. இங்கே பாயை விடத் தபால் கூலிதான் கடிக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து வரவழைத்தால் கட்டுப்படியாகுமா பார்ப்போம்.