புதுப்பிப்பு: கையால் வரைந்த பழைய விண்கோளத்தின் காலம் தெரிந்துவிட்டது

இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் வாங்கிய, பெயரோ ஆண்டோ இல்லாத விண்கோளத்தின் (நட்சத்திரங்களையும் விண்மீன் குழுக்களையும் வரைந்த உருண்டை) வயதைக் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, மகம் நட்சத்திரத்தை அளக்கச் சொன்ன யோசனைதான். பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவதால் வரும் அயன சலனத்தால், நட்சத்திரங்களின் தீர்க்கரேகை (ராசிச் சக்கரத்தில் அவை இருக்கும் பாகை) ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை கூடுகிறது. 2000-இல் மகம் சிம்மத்தில் ஏறக்குறைய 29.8 பாகையில் இருந்தது. என் கோளத்தில் சரியாக 27. சித்திரை துலாமில் 21. இரண்டும் 1800-ஐக் காட்டுகின்றன. முதலில் வான நடுவரையில் (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே வானில் வரும் வட்டம்) அளந்து இரண்டு நாள் குழம்பினேன். சூரியன் ஓராண்டில் வானில் செல்வதாகத் தோன்றும் பாதையான கதிர்வீதியில்தான் அளக்க வேண்டும். பாகைகள் சாயனக் கணக்கு (வசந்த சமபகல் புள்ளியிலிருந்து அளப்பது), பஞ்சாங்கத்தோடு ஒப்பிட வேண்டாம். அரைப் பாகை பிசகினால் 36 ஆண்டு தவறிவிடும்.

ஓரியன் விண்மீன் குழு இடவலம் மாறியிருப்பது பிழையல்ல. கோளம் வானத்தை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் காட்டுகிறது.

எதிர்பாராதது ஒன்று: உருப்பெருக்கியில் பார்த்தபோது, மகரத்துக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு வெப்பக்காற்றுப் பலூன்! கூடையின் பின்னலைக்கூட மயிரிழைக் கோடுகளால் வரைந்திருக்கிறார்கள். பிரெஞ்சு வானியலாளர் லலாந்து 1798-இல் முன்மொழிந்து, ஜெர்மானிய வானியலாளர் போடே 1801-இல் தன் வரைபடத்தில் சேர்த்த விண்மீன் குழு அது; இன்று வழக்கில் இல்லை. ஆகவே கோளம் 1798-க்கு முந்தியதாக இருக்க முடியாது. பிந்தைய எல்லையை இது சொல்லாது. பழைய படத்தைப் பார்த்துப் பின்னாளில் வரைந்திருக்கவும் கூடும்.