பிரிட்ஜ் மேல் முளைத்த தக்காளி: வீட்டுக்குள் விதை போட்டவர்கள் வந்து சொல்லுங்கள்

மொட்டைமாடி (தண்டையார்பேட்டை)

மாசிக் கடைசியில் தங்கை டொரான்டோவிலிருந்து வீடியோ கால் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே மேஜை முழுக்கத் தட்டுத் தட்டாகத் தக்காளி, மிளகாய் விதை. அடியில் சூடேற்றும் பாய், மேலே எல்இடி விளக்கு. "மே மாசம் விக்டோரியா டே லீவு வரைக்கும் வெளிய நட முடியாதுக்கா, பனியில கருகிடும்" என்றாள்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. நம் ஊரில் ஏது உறைபனி? ஆனால் மாடியில் விதைத்தால் பாதியை எறும்பு இழுத்துப் போகும், முளைத்ததை அணில் கிளறிவிடும். அதனால் நானும் வீட்டுக்குள்ளேயே குழித்தட்டு வைத்தேன். பிரிட்ஜ் மேல் வைத்தால் இளஞ்சூடு கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கேயே ஏற்றினேன். சமையலறையே அடுப்பாகக் கொதிக்கிறது, அதற்கு மேல் என்ன இளஞ்சூடு வேண்டியிருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் முளை வந்தது. எட்டாம் நாள் எல்லாம் நூல் மாதிரி நீண்டு, தலை கனத்துச் சாய்ந்து நின்றன. இருந்த வெளிச்சம் ஒரு டியூப்லைட். பயந்துபோய் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பால்கனி வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் 40 நாற்றும் படுத்துவிட்டன.

இரண்டாவது தடவை, முதல் முளை தெரிந்த அன்றே கிழக்கு ஜன்னல் ஓரம் மாற்றினேன். முளைக்கும்போது வரும் விதையிலையை விட்டு, அதற்கு மேல் இரண்டு ஜோடி நிஜ இலை வந்த பிறகு காலை ஏழு மணி வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பத்து நாள் பழக்கினேன். 31 தேறின. உங்களுக்கு எப்படி?

உப்புத்தண்ணி (ராயபுரம்)

அக்கா, எனக்கு வெளிச்சப் பிரச்சினையே வரவில்லை, ஏனென்றால் முளைக்கவே இல்லை. மூன்று தட்டு வீண். விதை கடைக்காரரிடம் போய்ச் சண்டை வேறு போட்டேன். அப்புறம்தான் தட்டின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கவனித்தேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது போதாதென்று, வீணாகப் போகிறதே என்று ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரையும் பிடித்து ஊற்றினேன். உப்பை வடிகட்டி ஒதுக்கிய தண்ணீர் அது!

தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கிறது. இப்போது அதை ஊறவைத்து, பிழிந்து, இரண்டு முறை அலசிவிட்டுத்தான் மண்புழு உரம் கலக்கிறேன். அடிபம்பில் வரும் மெட்ரோ தண்ணீரில் ஒரு குடம் விதைக்கென்று தனியாக வைத்துவிடுவேன். வீட்டில் திட்டு விழும், அது வேறு கதை. கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

கத்தரிப்பூ (பெரம்பூர்)

என் கதை நாற்றழுகல். நன்றாக முளைத்த கத்தரி, காலையில் பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு இற்றுப்போய் வரிசையாக விழுந்து கிடந்தது. ஈரம் போகக்கூடாதென்று பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே வைத்திருந்தேன், பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். இப்போது முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிடுகிறேன். தண்ணீரை மேலே தெளிக்காமல் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விடுகிறேன். விதையை டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) பொடியில் புரட்டிப் போடுகிறேன்.

மாமியார் இதெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லி வெச்சிருக்காங்க. பங்குனியில தக்காளி நட்டா பூ நிக்குமாடி?" அப்போது கோபம் வந்தது. ஆனால் ராத்திரியிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளிப் பூ காயாகாமல் கொட்டிவிடும் என்பது உண்மைதான். அதற்கு நாற்று எவ்வளவு நன்றாக வளர்ந்திருந்தாலும் பயனில்லை. வெயில் காலத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் போதும். அவற்றுக்குத் தட்டே வேண்டாம், தொட்டியிலேயே நேராக ஊன்றிவிடலாம், பிடுங்கி நட்டால்தான் முறைத்துக்கொள்ளும்.

மொட்டைமாடி (தண்டையார்பேட்டை)

கத்தரிப்பூ, உங்கள் மாமியாரை மாசியிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்த 31 நாற்றும் பங்குனிக் கடைசியில் மாடிக்குப் போயின. அக்னி நட்சத்திரத்தில் பூத்தன, பூத்ததெல்லாம் கொட்டின. பச்சை வலை கட்டியும் மொத்தம் நாலு காய். நாலையும் ஒரே தட்டில் வைத்துப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். மீதி எங்கே என்று இதுவரை கேட்கவில்லை.

ஆடிக்குத் தட்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ராயபுரம் தம்பி, அந்த ஒரு குடம் தண்ணீர் எத்தனை நாளுக்கு வருகிறது?