மறுமொழி: காசுமாலையா, செல்காசு மாலையா?

> மெக்சிகோவில் தெவானா பெண்கள் அணியும் பொன்நாணய நகைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'காசுமாலை' என்றே போடலாமே. கையில் இருக்கும் சொல்தானே?

ஐயா,

காசுமாலை என்றதும் நம் கண்ணில் வருவது லட்சுமி உருவம் அச்சடித்த மெல்லிய தகடுகள் வரிசையாகப் படிந்த மாலை. அது காசு வடிவம், காசு அல்ல. தெவான்தெபெக் பூசந்தியில், குறிப்பாக ஹுச்சித்தான் நகரில், மே மாத 'வேலா' விழாக்களுக்குச் சபோத்தெக் பழங்குடிப் பெண்கள் (தெவானா என்பது இவர்களைத்தான்) அணிவது நாணயச்சாலையில் அடித்த அசல் நாணயம். அமெரிக்காவின் 20 டாலர் பொன் நாணயம் ஒன்று 33.4 கிராம். மெக்சிகோவின் 50 பெசோ 'சென்தெனாரியோ' (விடுதலை நூற்றாண்டுக்காக 1921இல் முதலில் வெளியானது) 37 மி.மீ. அகலம், 41.67 கிராம் எடை. அதில் தூய பொன் 37.5 கிராம். நம் கணக்கில் ஒரே காசு ஐந்து பவுனைத் தாண்டுகிறது!

எடையும் மாற்றும் (பொன்னின் தூய்மை) தெரிந்த காசு என்பதால் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் கழற்றி விற்கலாம். மகளுக்குப் போகும் சேமிப்பும் அதுதான். கலைச்சொல் இதைச் சொல்லாவிட்டால் பயனில்லை. 'செல்லாக்காசு' எல்லோருக்கும் தெரியும். அதன் மறுபக்கமாகச் 'செல்காசு' என வைக்கலாம். வினைத்தொகை, விளக்கம் வேண்டாம். நீண்டது செல்காசு மாலை. கழுத்தை ஒட்டிக் கிடக்கும் 'அவொகதோர்' (மூச்சை அடைப்பது என்னும் பொருளில் வந்த ஸ்பானியச் சொல்) செல்காசு அட்டிகை. 'நாணய அட்டிகை' என்றால் புணர்ச்சியில் 'நாணயவட்டிகை' ஆகி, 'வட்டி' காதில் விழும். அது வேண்டாம்.

இன்று பலர் அணிவது முலாம் பூசிய நகல். அதற்குப் 'பூச்சுக்காசு' போதும்.

---

அம்மா,

செல்காசுக்கு என் ஆதரவு. காசைக் கோக்கும் முறை இரண்டு. அவற்றுக்கும் சொல் வேண்டும்.

ஒன்று, விளிம்பிலேயே வளையத்தைப் பற்றவைப்பது. இந்த நாணயங்கள் பத்தில் ஒன்பது பங்கு பொன், ஒரு பங்கு செம்பு. சூடு பட்டதும் மேற்பரப்புச் செம்பு கறுக்கும். அமிலத்தில் போட்டு வெளுக்க வேண்டும். பிறகு வளையத்தை அறுத்தாலும் விளிம்பில் வடு நிற்கும். சேகரிப்பவர் விலை குறைப்பார், உருக்கினால் கிடைக்கும் பொன்னின் விலைதான் மிஞ்சும். இதைப் 'பற்றுவளையம்' எனலாம்.

மற்றொன்று, காசைச் சுற்றி மெல்லிய பொன் சட்டம் போட்டு, வளையத்தைச் சட்டத்தில் வைப்பது. காசுக்குச் சூடே படாது, வேண்டும்போது எடுக்கலாம். சட்டம் தளர்ந்தால் காசு நழுவும் என்பது ஒன்றே குறை. இது 'காசுக்கூடு'.

உடையையும் மறக்கக் கூடாது. 'வீப்பில்' என்னும் குட்டை மேற்சட்டையில், கருப்பு வெல்வெட்டில் பெரிய பூக்களைப் பட்டு நூலால் நெருக்கமாக நிரப்பியிருப்பார்கள். சரியாக மூடாத வளையத்தின் முனை அந்த நூலில் மாட்டினால் இதழ் முழுவதும் சுருங்கிவிடும். கனமான காசு நடுவில் நிற்காவிட்டால் மாலையும் ஒருபக்கம் சரியும்.

பதிவுக்கு என் வரைவு:

செல்காசு மாலை (பெயர்ச்சொல்): அசல் பொன் நாணயங்களைப் பற்றுவளையத்தாலோ காசுக்கூட்டாலோ கோத்த கழுத்தணி. காசுமாலையிலிருந்து வேறுபட்டது.